நம்மை நாமே நொந்துகொள்ளாமல் இருக்க: தன்பரிவு பழகும் முறை

கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகும் காலை நேர பஸ். நெரிசலில் ஒரு பெண்ணின் கையிலிருந்து சாப்பாட்டுப் பை நழுவிக் குழம்பு கொட்டிவிடுகிறது. பக்கத்து சீட்டு அம்மா உடனே, "விடும்மா. இந்தக் கூட்டத்துல யாருக்குத்தான் கை நழுவாது? மேல சூடா பட்டுடுச்சா பாரு" என்கிறார். மறுநாள் அதே அம்மாவின் பை அதே போல விழுகிறது. இப்போது அவர் மனசுக்குள் சொல்லிக்கொள்வது: "கூறு கெட்டவளே, ஒரு பையைப் புடிக்கத் துப்பில்ல. உன்னை நம்பி ஒரு குடும்பம் வேற."

முதல் நாள் பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 'விடும்மா' என்பது கனிவு. 'யாருக்குத்தான் நழுவாது' என்பது, தடுமாற்றம் எல்லோருக்கும் பொது என்கிற நினைவு. 'பட்டுடுச்சா பாரு' என்பது நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் பார்ப்பது. டெக்சஸ் பல்கலைக்கழக உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் தன்பரிவுக்கு மூன்று கூறுகளை வகுத்தார். அவை இந்த மூன்றேதான். பஸ்ஸில் வந்த அம்மா அவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அடுத்தவருக்கென்றால் யோசிக்காமலே வாயில் வருகிற இந்தப் பேச்சு தனக்கென்றால் வருவதில்லை. அதை வரவைப்பதற்குத்தான் பயிற்சி.

முறையைக் கீழே தருகிறோம். நான்காம் வாரத்தில் கடிதம் எழுதும் ஒரு ஞாயிறு தவிர, முதல் மாதம் நாளொன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தேவைப்படாது. தனி அறை, பாய், ஊதுபத்தி எதுவும் வேண்டாம்.

முதல் வாரம்: எண்ணுவது மட்டும்

பத்துப் புளியங்கொட்டை எடுத்து இடது பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். புடவை, சுடிதார் என்றால் இரண்டு அறை உள்ள பர்ஸ் போதும். உங்களை நீங்களே திட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டையை அந்தப் பக்கம் மாற்றுங்கள். பத்தும் மாறிவிட்டால் திரும்ப இந்தப் பக்கம் மாற்றத் தொடங்கலாம். இரவு படுக்கும் முன் ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எது நடந்த உடனே, சொன்ன சொல் என்ன. சொல்லை நாகரிகப்படுத்த வேண்டாம். 'தண்டச்சோறு' என்று திட்டிக்கொண்டிருந்தால் 'தண்டச்சோறு' என்றே எழுதுங்கள். 'கொஞ்சம் வருத்தப்பட்டேன்' என்று எழுதினால் அந்த நோட்டால் பயனில்லை.

இந்த ஏழு நாளும் திட்டுவதை நிறுத்த முயலக் கூடாது. நிறுத்தப் பார்த்தால் திட்டும் குரலோடு மல்லுக்கட்டத் தொடங்குவீர்கள். அது எந்த நேரத்தில், எதைத் தொட்டு, எந்தச் சொல்லோடு வருகிறது என்பது தெரியாமலே போகும். மூன்றாம் நாள், நான்காம் நாள் எண்ணிக்கை ஏறினால் பயப்படாதீர்கள். திட்டு கூடியிருக்க வேண்டியதில்லை, காது கேட்கத் தொடங்கியிருக்கிறது. "ஒரு நாளைக்கு இத்தனை தடவையா, என்ன ஜென்மம் நான்" என்று தோன்றினால் அதற்கும் ஒரு கொட்டை.

சிலருக்குச் சொல்லே வராது. பல் கடிப்பு, வயிற்றில் ஒரு பிசைவு, தோள் காதுவரை ஏறுவது என்று உடம்பில் மட்டும் தெரியும். அதையும் எண்ணுங்கள்.

வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் ஒரு வரிசை தெரியும். பலருக்கு அது காலை எட்டு மணி அவசரம், போனில் அடுத்தவர் படங்களைப் பார்த்து முடித்த நேரம், தூக்கம் கலைந்த நள்ளிரவு என்று நான்கைந்து இடங்களிலேயே சுற்றும். குரல் யாருடையது என்பதும் சில சமயம் பிடிபடும். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வாத்தியார், அப்பா, மாமியார். அந்த ஆளோடு இப்போது சண்டைக்குப் போக வேண்டியதில்லை. 'இது நான் கேட்டு வளர்ந்த வசனம்' என்று நோட்டின் ஓரத்தில் குறித்தால் போதும்.

மனசுக்கு முன்னால் வயிறு

வடலூர் சத்திய தருமசாலையில் வள்ளலார் 1867-இல் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஜீவகாருண்யத்தை அவர் பசியாற்றுவதிலிருந்து தொடங்கினார். தன்மேல் காட்டும் காருண்யத்துக்கும் அந்த வரிசைதான் சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. நாமும் ஜீவன்களில் ஒன்றுதானே.

ஆகவே புளியங்கொட்டை மாறும் நேரத்தில் மனசை ஆராயும் முன் நான்கு கேள்வி. கடைசியாக எப்போது சாப்பிட்டேன்? நான்கு மணி நேரம் தாண்டியிருந்தால் முதலில் சாப்பாடு. தண்ணீர் குடித்து எவ்வளவு நேரமாகிறது? சித்திரை, வைகாசியில் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயவே காயாது. வேலையிலிருந்து எழுந்து ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி யோசியுங்கள். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன்? சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கிறேனா? கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கும், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வருகிறவர்களுக்கும் எரிச்சலின் பாதி அங்கேயே இருக்கிறது.

தூக்கம் குறைந்தால் அச்சத்தைக் கிளப்பும் மூளைப் பகுதி சின்ன விஷயத்துக்கும் பெரிதாகக் கிளர்ந்துவிடும். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: இரவு பத்து மணிக்கு மேல் உங்களைப் பற்றித் தீர்ப்பு எழுதுவதில்லை. "நான் பிள்ளையைச் சரியாக வளர்க்கவில்லை" என்று இரவு இரண்டு மணிக்குத் தோன்றினால் அதைத் துண்டுச்சீட்டில் எழுதித் தலையணை அடியில் வைத்துவிட்டு, காலையில் காபி குடித்த பிறகு படியுங்கள். வாக்கியம் அதேதான் இருக்கும். ஆனால் இரவில் இருந்த கனம் அதில் பெரும்பாலும் இருக்காது.

பெண்களுக்கு இந்தப் பகுதியில் ஒரு தனிப் பாடம் உண்டு. மீன் குழம்பு வைத்த வீடுகளில் நடுத்துண்டு பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் போய், அம்மாவின் தட்டில் தலையும் வாலும் மிஞ்சும். கேட்டால் "எனக்குத் தலைதான் புடிக்கும்" என்பார்கள். சிலருக்கு உண்மையிலேயே பிடிக்கும், அவர்களை விட்டுவிடுவோம். மற்றவர்கள் வாரத்தில் ஒரு நாள், பரிமாறத் தொடங்கும் முன்பே, ஒரு நடுத்துண்டைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். மிஞ்சினால் சாப்பிடுவோம் என்று விட்டால் அது மிஞ்சாது. எடுத்து வைக்கும்போது ஒரு கூச்சம், திருட்டுத்தனம் செய்வது போன்ற உணர்வு வரும். அந்தக் கூச்சத்தை வைத்துக்கொண்டே சாப்பிட்டு முடிப்பதுதான் பயிற்சி. ஐந்தாறு வாரத்தில் கூச்சம் தணிந்துவிடும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: ஒன்றரை நிமிடம்

இந்த முறையின் நடுத்தூண் இதுதான். நோட்டில் தெரிந்த நேரங்களில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த நேரத்தில் செய்யுங்கள். எல்லா நேரத்திலும் செய்யப் போகிறேன் என்று கிளம்பியவர்கள் நான்காம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் கை. உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வையுங்கள், அழுத்த வேண்டாம், கையின் சூடு சட்டையைத் தாண்டி உறைக்கும் அளவுக்கு. நெஞ்சில் கை வைத்தால் சிலருக்குப் படபடப்பு கூடும். அவர்கள் தொப்புளுக்கு மேல் வைக்கலாம், அல்லது ஒரு கையால் மறுகையின் மேற்பகுதியைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளலாம். அலுவலகத்தில், பஸ்ஸில், நாலு பேர் பார்க்கும் இடத்தில் இடது கட்டைவிரலை வலது கைக்குள் மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

பிறகு மூச்சு. நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. இடையில் அடக்கக் கூடாது. எண்ணிக்கை ஒன்றுக்கு ஒரு விநாடி என்றால், ஆறு மூச்சுக்கு ஒரு நிமிடம். உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமெடுக்கும், வெளியே விடும்போது சற்று இறங்கும். விடுகிற மூச்சை நீட்டச் சொல்வது அதனால்தான். ஆஸ்துமா உள்ளவர்கள் மூன்றுக்கு நான்கு என்று குறைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் அதிகமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். வழக்கமான மூச்சுக்குத் திரும்புங்கள்.

கடைசி அரை நிமிடத்துக்கு மூன்று வாக்கியம். பஸ்ஸில் அந்த அம்மா சொன்ன மூன்றின் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் உள்ளதைச் சொல்லாமல் கனிவு ஒட்டாது. ஒன்று, நடந்தது: "கணக்கு டேலி ஆகல. எல்லார் எதிரிலேயும் மேனேஜர் கேட்டுட்டாரு. முகம் எரியுது." இரண்டு, பொது: "கேஷ் கவுண்டர்ல உக்காந்த யாருக்கும் ஒரு நாள் இது நடந்திருக்கும்." மூன்று, கனிவு: "சரி, விடு. மெதுவா ஒரு தடவை கூட்டிப் பாரு."

இந்த வாக்கியங்களில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 'நான் அற்புதமானவள்', 'எல்லாம் நன்மைக்கே', 'எல்லாம் சரியாகிடும்' போன்றவற்றை மனசு அந்த இடத்திலேயே துப்பிவிடும், பொய் என்று அதற்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் நேருக்கு நேர் சொல்லக் கூசாத வாக்கியமா என்று பாருங்கள். அப்பாவை இழந்து நிற்பவரிடம் போய் 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்களானால் உங்களிடமும் சொல்ல வேண்டாம்.

எழுத்துத் தமிழும் வேண்டாம். 'என்னை நான் மன்னிக்கிறேன்' என்பது மேடைப் பேச்சு போல் நிற்கும். வீட்டில் பேசும் பேச்சில் சொல்லுங்கள். "இன்னா இப்போ, போனது போச்சு" என்பதில் இருக்கும் இளக்கம் அதில் வராது.

தன்னை எப்படிக் கூப்பிடுவது என்பதற்கும் பலன் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் கிராஸும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றமான நேரத்தில் 'நான்' என்று யோசித்தவர்களைவிடத் தன் பெயரைச் சொல்லித் தனக்குள் பேசியவர்கள் நிதானமாகச் சமாளித்தார்கள். நமக்குப் பெயரைவிட நல்ல வசதி உண்டு: கண்ணு, சாமி, ராசா, தங்கம், அம்மாடி. சிறு வயதில் யாரோ ஒருவர் உங்களை வாய் நிறைய ஒரு சொல்லால் கூப்பிட்டிருப்பார். அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "சாமி, போதும் அழுதது, முகத்தக் கழுவு." அப்படி யாரும் கூப்பிட்டதே இல்லை என்றால், உங்கள் பிள்ளையை அல்லது தம்பியை நீங்கள் கூப்பிடும் சொல்லைக் கடன் வாங்குங்கள்.

பயிற்சியை ஏற்கெனவே இருக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டால் மறக்காது. காலையில் பால் காயும் நேரம், பஸ் கெடிலம் பாலம் தாண்டும் நேரம், பாண்டியில் இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும் நேரம். வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணை மூடக் கூடாது, கையை எடுக்கவும் கூடாது. ஹேண்டில்பார் மேல் இறுகியிருக்கும் விரல்களைத் தளர்த்தி நான்கு மூச்சு விட்டால் போதும்.

உட்கார்ந்து மூச்சை எண்ணினால் எரிச்சல்தான் வருகிறது என்பவர்கள் நடக்கலாம். பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை, பாதம் தரையில் படுவதை மட்டும் கவனித்து நடந்து, திரும்பும்போது மூன்று வாக்கியத்தைச் சொல்லிக்கொள்ளுங்கள். கடலூர்க்காரர்களுக்கு சில்வர் பீச் மணல் இன்னும் நல்லது, செருப்பைக் கழற்றிவிட்டால் பாதத்துக்கு நிறைய வேலை இருக்கும்.

கண்ணீர் பொங்கினால்

முதல் சில நாளில் ஆறுதல் வருவதற்குப் பதிலாக நெஞ்சு அடைப்பதும், பழைய நினைவு கிளம்புவதும், திடீரென்று அழுகை வருவதும் உண்டு. நெஃபுடன் சேர்ந்து எட்டு வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றை உருவாக்கிய கிறிஸ்டோபர் கெர்மர் இதை விளக்கத் தீயணைப்பு வீரர்களின் அனுபவத்தை எடுத்துக்கொள்கிறார்: மூடிய அறைக்குள் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு, கதவைத் திறந்ததும் காற்று புகுந்து குப்பென்று பற்றும். நெடுநாள் கனிவே படாத மனசும் அப்படித்தான். பயிற்சி தப்பாகப் போகவில்லை, கதவு அகலமாகத் திறந்துவிட்டது.

உடனே கண்ணைத் திறங்கள். கையை நெஞ்சிலிருந்து எடுத்து மேசையில் ஊன்றுங்கள். இரண்டு பாதமும் தரையில். எதிரில் தெரியும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஃபேன், காலண்டர், குடம், துடைப்பம், சுவிட்ச். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள். டீ போட்டுக் குடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றவையே அன்றைய பரிவு. மறுநாள் வாக்கியங்கள் இல்லாமல் மூன்று மூச்சில் தொடங்குங்கள். அடிபட்டு வளர்ந்தவர்களும், வன்முறையைச் சந்தித்தவர்களும் இதைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போகாமல் மனநல ஆலோசகர் ஒருவரின் துணையோடு செய்வது பாதுகாப்பு.

'எனக்கு மட்டும்' என்கிற பேச்சு

தன்பரிவும் கழிவிரக்கமும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: வாக்கியத்தில் 'எனக்கு மட்டும்' இருக்கிறதா என்று பாருங்கள். கழிவிரக்கம் அந்தச் சொல் இல்லாமல் நிற்காது.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கடலூர் துறைமுகத்திலும் பாண்டிச்சேரியின் தேங்காய்த்திட்டிலும் அந்த இரண்டு மாதம் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வட்டிக்கு வாங்கிச் சமாளிக்கும் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து "நான் கையாலாகாதவன், பொண்டாட்டி புள்ளைய வச்சுக் காப்பாத்தத் தெரியாதவன்" என்று நொந்துகொள்கிறார். அவர் சொல்லிப் பார்க்க வேண்டியது: "இந்த மாசம் வருமானம் இல்ல, பயமா இருக்குது. இந்தக் கரையில கட்டிக் கிடக்கிற ஒவ்வொரு போட்டுக்குப் பின்னாலயும் ஒரு வீட்டுல இதே பயம் இருக்குது." கடன் இதனால் அடையாது. கையாலாகாதவன் என்கிற பட்டம் மட்டும் கழன்று விழும். அது விழுந்த பிறகுதான் சங்கத்துக்குப் போய் நிவாரணத் தொகை பற்றி விசாரிக்கவும், கடன்காரரிடம் தவணை கேட்கவும் கால் எழும்.

2004 சுனாமி, 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் என்று அடி மேல் அடி வாங்கிய கரை இது. தப்பிப் பிழைத்தவர்களில் சிலர் இன்னமும் 'அன்னிக்கு நான் அவளை அங்க அனுப்பாம இருந்திருந்தா' என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பாரத்துக்கு ஒன்றரை நிமிடப் பயிற்சி போதாது. அதே பாரம் சுமக்கும் இன்னொருவரோடு உட்கார்ந்து பேசுவதுதான் இங்கே மருந்து. பேசத் தொடங்க ஒரு வாக்கியம்: "எனக்கு இப்பவும் அந்த நாள் வருது. உங்களுக்கு எப்படி?"

தப்பு நிஜமாகவே நம்முடையதாக இருந்தால்

தன்னைத் திட்டாவிட்டால் தறுதலையாகிவிடுவோம் என்ற பயம் நம்மில் ஆழமாக இருக்கிறது, கண்டித்து வளர்த்தால்தான் உருப்படும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. கடினமான சொல்வளத் தேர்வில் தடுமாறிய மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், இது பலருக்கும் கடினம்தான், உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள் என்று சொன்னார்கள். அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தவர்கள் அவர்களே. திட்டு வாங்கும் மனசு ஒளிய இடம் தேடும். புத்தகத்தைத் திறந்தால் தன் தோல்விதான் முதலில் தெரியும் என்பதால் திறக்காது.

ஆகவே தவறு செய்தபின் வரிசை இது. வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளையை அடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஆறு மூச்சு. அடுத்து, நடந்ததை அடைமொழி இல்லாமல் ஒரே வாக்கியத்தில்: "ஏழாம் வாய்ப்பாடு தப்பா சொன்னதுக்கு முதுகுல அடிச்சேன்." 'நான் ஒரு அம்மாவா' என்று தொடங்கினால் அது வேறு பாதை. 'நான் கெட்டவள்' என்பதைத் திருத்த ஒருவராலும் முடியாது, 'அடித்தேன்' என்பதைத் திருத்தலாம். பிறகு பிள்ளையிடம் போய் உட்கார்ந்து, அதன் கண் மட்டத்தில்: "அம்மா அடிச்சது தப்பு. வாய்ப்பாடு தெரியலன்னா அதுக்கு அடி கிடையாது. வலிக்குதா?" இங்கே 'ஆனா நீயும் ஒழுங்கா படிச்சிருந்தா' என்று ஒரு வால் சேர்ந்தால் முன்னால் சொன்னது எல்லாம் வீண். கடைசியாக மாற்றம் ஒன்று, தேதியோடு: "நாளையிலிருந்து பாடம் ராத்திரி இல்ல, சாயங்காலம் டிபன் சாப்பிட்ட பிறகு."

பிள்ளை எதிரில் அழுது புலம்பி 'நான் ஒரு பாவி' என்று தலையில் அடித்துக்கொள்வதைத் தவிருங்கள். அடி வாங்கிய பிள்ளையே அம்மாவைத் தேற்ற வேண்டிய நிலை வந்துவிடும்.

பிறரைப் பார்த்துக்கொள்கிறவர்கள்

பாண்டிச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்கு வெளியே காலையிலிருந்து காத்திருக்கும் கூட்டத்தில் நோயாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் எப்போதும் இருப்பார், கையில் ஃபைல், தண்ணீர் பாட்டில், பிளாஸ்க்கோடு. அவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவரும் தன்னைப் பற்றி நினைப்பதைத் துரோகமாக எண்ணுவார். இவர்களுக்குக் கெர்மரும் நெஃபும் சொல்லித்தரும் ஒரு மூச்சுப் பயிற்சி நன்றாகப் பொருந்தும்: உள்ளே இழுக்கும் மூச்சு எனக்கு, வெளியே விடும் மூச்சு அப்பாவுக்கு. நோயாளியை விட்டுவிட்டு எழுந்து போக வேண்டியதில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டே செய்யலாம். ரொம்பக் களைத்த நாளில் இரண்டு மூச்சு எனக்கு, ஒன்று அவருக்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இதோடு ஒரு நடைமுறை ஏற்பாடும் தேவை. "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்று போன் செய்யும் உறவினரிடம் 'ஒண்ணும் வேணாம்' என்று சொல்லாமல், "ஞாயித்துக்கிழமை பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரை வந்து அப்பாகிட்ட உக்காரு" என்று நேரம் குறித்துக் கேளுங்கள். குறித்துக் கேட்டால் பாதிப் பேராவது வருவார்கள்.

நான்காம் வாரம்: ஒரு கடிதம்

ஞாயிறு மதியம் பதினைந்து நிமிடம், ஒரு பக்கம், பேனாவால். எழுதுகிறவர் நீங்கள் இல்லை. உங்களை விட்டுக்கொடுக்காத ஒருவர். பெரியம்மா, தாத்தா, பழைய பள்ளித் தோழி, உயிரோடு இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் உங்களை எப்படி அழைப்பாரோ அப்படியே தொடங்கட்டும்.

மார்க் குறைந்த மாணவனுக்குப் பெரியம்மா எழுதினால் இப்படி வரும்: "ராசா, ரெண்டாவது தடவையும் மார்க்கு வரலேன்னு ரூம்ல விளக்கு போடாம உக்காந்திருக்கியாமே. ரெண்டு வருசம் நீ எந்தக் கல்யாணத்துக்கும் வரல, பொங்கலுக்கு ஊருக்கு வரல. உனக்கு எவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியாதா. உன் கூட பரிச்சை எழுதுன புள்ளைங்கள்ல பாதிக்கு மேல இன்னிக்கு இப்படித்தான் உக்காந்திருக்கும். முதல்ல குளிச்சிட்டு வந்து சாப்பிடு."

கெடுவது எங்கே என்றால், நான்காம் வரியிலேயே அறிவுரை புகுந்துவிடும்: "இனிமேலாவது போன் பாக்காம படி." அது பெரியம்மா வேடத்தில் வந்த பழைய குரல். அறிவுரை இருந்தே தீர வேண்டுமென்றால் கடைசியில் ஒரே ஒரு வரி, அதுவும் இன்றைக்கே செய்யக்கூடியதாக. எழுதி முடித்து மடித்து வையுங்கள், மூன்று நாள் கழித்துப் படியுங்கள். எழுதும்போது வராத கண்ணீர் படிக்கும்போது வரலாம்.

பயிற்சி போதாத இடம்

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் குலைந்துவிட்டன, அல்லது செத்துவிடலாம் என்கிற எண்ணம் ஒரு முறையாவது வந்தது என்றால் புளியங்கொட்டையை வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். டெலி மனஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது. கடலூர்க்காரர்கள் அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் கேட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் பயிற்சியை நம்பி அதை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். பண்டிகை, காய்ச்சல், மாதக் கடைசி நெருக்கடி என்று பத்து நாள் தொடர்ந்து மறந்துவிடும். பதினோராம் நாள் ஞாபகம் வந்ததும் "இதைக்கூட உருப்படியா செய்யத் தெரியல" என்று அந்தப் பழைய குரல் முதல் ஆளாக வந்து நிற்கும். அப்போது விட்ட நாட்களை எண்ண வேண்டாம், முதல் வாரத்துக்குத் திரும்பவும் வேண்டாம். அந்த வாக்கியத்தையே அன்றைய முதல் புளியங்கொட்டையாக மாற்றுங்கள். கட்டைவிரலை மறு கைக்குள் மூடிக்கொண்டு ஆறு மூச்சு. "பத்து நாள் விட்டுப்போச்சு. எல்லாருக்கும் விட்டுப்போறதுதான். வா கண்ணு, முதல்ல எதையாவது சாப்பிடலாம்."